இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாள்

"எம்பது இருக்கு, நூத்தி இருவது இருக்கு. எரநூத்தி இருவதுல ஒரே ஒரு தாள் கெடக்கு, அதையும் எலி கடிச்சிருக்கு. ரெண்டாயிரமா? அப்படி ஒரு நம்பர்ல உப்புத்தாளே கெடயாது அண்ணாச்சி."

"இருக்கு. உம்ம கடையில இல்லேன்னு சொல்லும்."

"அவ்வளவு நைஸா தேய்ச்சு என்ன செய்யப் போறிய? முகத்துக்கா?"

தென்காசி ரத வீதியில் அது தாணு ஏறி இறங்கிய நாலாவது ஹார்டுவேர் கடை. உப்புத்தாளில் நம்பர் ஏற ஏறத்தான் சொரசொரப்பு குறையும். மற்ற கடைக்காரர்கள் நானூறு வரைக்குமாவது வந்தார்கள். இந்த ஆள் எலி கடித்த இருநூற்றி இருபதிலேயே நின்றுவிட்டார். தாணு படியிறங்கினார். அவருடைய கோபம் கடைக்காரர் மேல் அல்ல. காலையில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு போட்டோவின் மேல்.

தாணு ஜவுளிக்கடையில் வேட்டி சட்டைப் பிரிவுக்கு சூப்பர்வைசர். துணியைத் தொட்ட மாத்திரத்தில் நூல் என்ன நம்பர் என்று சொல்லிவிடுவார். அந்த விரல்களை வைத்துக்கொண்டு லீவு நாட்களில் மூங்கிலில் தூண்டில் கம்பு செய்வார். வருடாவருடம் ஆடி மாதம், குற்றாலத்தில் சாரல் பிடித்ததும், தூண்டில் பிரியர்கள் முப்பது நாற்பது பேர் கூடி, கையால் செய்த கம்புகளுக்கு ஒரு போட்டி வைப்பார்கள். போன இரண்டு வருடமும் தாணுவுக்குத்தான் முதல் பரிசு. பரிசு என்றால் சுவர்க்கடிகாரம். இரண்டும் ஹாலில் பக்கத்துப் பக்கத்தில், ஏழு நிமிட வித்தியாசத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவதற்கு ஆனி மாதமே ஆணி அடித்து வைத்துவிட்டார்.

அந்தக் கம்புகளில் இன்றுவரை ஒரு கெண்டைக் குஞ்சுகூட மாட்டியதில்லை. தண்ணீர் பட்டால் பளபளப்பு போய்விடும் என்று தாணு அவற்றைக் குளத்துப் பக்கம் கொண்டுபோனதே கிடையாது. வீட்டில் மீன் சாப்பிடுகிற பழக்கமும் இல்லை.

போட்டோவை அனுப்பியவர் கணேசமூர்த்தி. தாணுவின் மனைவி சண்முகப்பிரியாவின் அக்கா வடிவைக் கட்டிய சகலை. வடகரையில் தென்னந்தோப்பும் வயலும். 'இந்த வருசம் நானும் ஒரு கம்பு செஞ்சிருக்கேன்' என்று இரண்டு கும்பிடு போட்டு அனுப்பியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கம்பின் மேல் அவர் வீட்டு ஜன்னல் கம்பிகூடத் தெரிந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. தாணுவின் வயிறு அப்போது எரிய ஆரம்பித்தது, இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை.

"அத்தான் செஞ்சதா இது? என்ன வழவழப்பு!" என்றாள் பிரியா, கூடவே நின்று பார்த்து.

"போட்டோல எல்லாம் வழவழன்னுதான் தெரியும்."

"ஒங்க இந்த வருசக் கம்பையும்தான் போட்டோ எடுத்து வச்சிருக்கிய. அது அப்படித் தெரியலியே?"

கட்டின மனைவியே இப்படிச் சொன்ன பிறகு மனுஷன் என்ன செய்வான்? உப்புத்தாள் தேடிக் கிளம்பிவிட்டார்.

கிளம்புகிற நேரத்தில் பேராச்சி வந்து நின்றாள். பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் துணி துவைக்கிறவள். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது தாணு மொட்டைமாடியில் புதிதாக ஒரு ஸ்டீல் கொடி மாட்டியிருந்தார். கயிற்றை இழுத்தால் துணியோடு மேலே போகும். போக வேண்டும்.

"அய்யா, ஒங்க இரும்புக்கொடி பாதியில நின்னுட்டு. மேலயும் போவமாட்டேங்குது, கீழயும் வரமாட்டேங்குது. இதுக்கு நம்ம பழைய கம்பே தேவல."

"கம்பு கம்புன்னு நீ வேற உயிர வாங்காத பேராச்சி. நானே கம்புக் கவலையில இருக்கேன்!"

மறுநாள் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வடகரைக்குப் போனார் தாணு. கணேசமூர்த்தி வாசலுக்கே வந்து அழைத்துப் போய், இளநீர் வெட்டிக் கொடுத்தார். கம்பு ஹால் சோபாவில், மெத்தென்ற துண்டு விரித்துப் படுத்திருந்தது. தாணு தன் வீட்டு விருந்தாளிக்குக்கூட அப்படித் துண்டு விரித்ததில்லை.

"தொட்டுப் பாக்கட்டுமா சகல?"

"தாராளமா பாருங்க. ஒங்களுக்கு இல்லாததா?"

கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலை ஓட்டினார். கணுக்கள்கூடத் தட்டவில்லை. நூறாம் நம்பர் நைஸ் நூலில் நெய்த வேட்டி மாதிரி இருந்தது. ஏதோ பழகின கை ஒன்றைத் தொட்டதுபோலவும் இருந்தது. அப்படித் தோன்றியதுகூட அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"என்ன நம்பர் தாள் போட்டிய?" என்று, அக்கறையே இல்லாதவர்போல இளநீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தாளா? நான் தாளே போடலியே சகல."

"சும்மா சொல்லாதீங்க."

"நெசமாத்தான். வளையம் மாட்டி, பிடிக்கு நூல் சுத்தி, கொஞ்சம் தேங்காண்ணெ தடவினேன். மத்தபடி எல்லாம் தண்ணியும் துணியும்தான். ஈரத்துணி பட்டுப் பட்டுத்தான் மூங்கில் வழிக்கு வருது." கணேசமூர்த்தி சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் விஷமம் இருந்ததாகத் தாணுவுக்குப் பட்டது.

கை கழுவுகிற சாக்கில் பின்கட்டு ஷெட்டுக்குள் நுழைந்து ஒரு நோட்டம் விட்டார். உடைந்த குடை, ஓட்டை வாளி, கால் இல்லாத முக்காலி. யார் வீட்டில் எதைத் தூக்கிப்போட்டாலும் 'வீணா போகக்கூடாது' என்று எடுத்து வந்து குவித்துவைக்கிற ஆள் கணேசமூர்த்தி. அதில் பாதி தாணு வீட்டுச் சாமான்தான். ஆனால் எவ்வளவு கிளறியும் உப்புத்தாள் மட்டும் ஒரு துண்டுகூட இல்லை.

'ஒளித்து வைத்துவிட்டான்' என்று தாணு முடிவு செய்தார். ஒன்றுமே இல்லாதது மாதிரி ஒளித்து வைப்பதுதானே கைகாரத்தனம்.

திரும்பி வரும் வழியெல்லாம் தண்ணியும் துணியும், தண்ணியும் துணியும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. செங்கோட்டை ரோட்டில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஆசிப்பின் ஒர்க்‌ஷாப்பைத் தாண்டும்போது பளிச்சென்று விஷயம் பிடிபட்டது. ஒரு பையன் கார்க் கதவின் மேல் தண்ணீரை ஊற்றி ஊற்றி, கறுப்பாக எதையோ வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஆசிப் பாய், அது என்னது?"

"வாட்டர் பேப்பர் அண்ணாச்சி. தண்ணி தொட்டுத் தேய்க்கிற தாளு."

"என்ன நம்பர்?"

"ரெண்டாயிரம்."

தாணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு தாள் வாங்கினார்.

"எந்த வண்டிக்கு அண்ணாச்சி?"

"வண்டிக்கு இல்ல. மூங்கிலுக்கு."

"மூங்கிலுக்கா? இது கறுப்புத் தாளு. இரும்புக்குச் சரி. மரத்துல போட்டா..."

"எனக்குத் தெரியும்," என்றார் தாணு. ஆசிப்பும் கணேசமூர்த்தியின் ஆளாக இருக்கலாம் என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது.

கடைக்கு வாரக் கடைசி வரை லீவு சொல்லிவிட்டு, புதன்கிழமை முழுக்கத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். சாயங்காலம் பார்த்தால் கம்பு வழவழப்பாகத்தான் இருந்தது. ஆனால் தாளின் கறுப்பு முழுவதும் மூங்கிலின் நாருக்குள் இறங்கி, சுடுகாட்டில் கிடந்ததை எடுத்து வந்ததுபோல இருந்தது.

"அய்யய்ய, இது என்னங்க கோலம்?" என்றாள் பிரியா.

"நடுவுல இப்படித்தான் இருக்கும்."

"அத்தான் கம்பு நடுவுல இப்படி இருந்துச்சாமா?"

தாணு பல்லைக் கடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். பேராச்சி வெள்ளைத் துணிக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரை அள்ளித் தண்ணீர் டிரம்மில் கரைத்து, ராத்திரி முழுக்கக் கம்பை அதில் நிறுத்தி வைத்தார். காலையில் கறுப்பு போயிருந்தது. டிரம்முக்குள் இருந்த பாதி மட்டும் மஞ்சளாகி, இடுப்பு வரைக்கும் சுண்ணாம்பில் நின்றவன்போல இருந்தது. மேல் பாதி கறுப்பாகவே இருந்தது.

"என் பவுடர் டப்பா காலி," என்றாள் பேராச்சி. "நாளைக்கு ஒங்க வெள்ளச்சட்டய எதுல வெளுக்க?"

"பேராச்சி, இப்ப என் மானம் வெளுத்துக்கிட்டு இருக்கு. சட்டைய அப்புறம் பாப்போம்."

இரண்டு நிறத்தையும் ஒன்றாக்க ஒரே வழிதான் இருந்தது. ரத வீதிக்குப் போய், முகத்துக்கா என்று கேட்ட அதே கடைக்காரரிடம், தலையைக் குனிந்துகொண்டு எண்பது நம்பர் தாள் வாங்கினார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்று அவர் சொன்னதையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை பகல் முழுக்கக் கரகரவென்று தேய்த்ததில் நிறம் ஒன்றானது. கட்டைவிரல் பருமனில் இருந்த கம்பு சுண்டுவிரல் பருமனுக்கு வந்தது. ஒடிந்துவிடுமோ என்று பயந்து, காப்புக்கு வார்னிஷ் பூசினார். ஒரு பூச்சு போதும். கணேசமூர்த்தி கம்பை நினைத்துக்கொண்டு மூன்று பூச்சு பூசினார்.

அன்றைக்குத்தான் சாரல் ஊருக்குள் வந்து உட்கார்ந்தது. ஊரே குதூகலமாகக் குற்றாலத்துக்கு ஆட்டோ பிடித்தது. ஜன்னல், சுவர், தலையணை, தீப்பெட்டி எல்லாம் நமுத்துப்போன அந்தக் காற்றில் வார்னிஷ் எப்படிக் காயும்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொட்டுப் பார்த்தார். விரல் ஒட்டிக்கொண்டது. இன்னொரு கையால் பிடித்து விலக்கப் பார்த்தார். அதுவும் ஒட்டிக்கொண்டது. "பிரியா, பிரியா" என்று அவர் கூப்பிட்ட குரலில் எதிர்வீட்டு ஆட்கள்கூட வெளியே வந்து பார்த்தார்கள்.

"போட்டிக்கு இந்த வருசம் வேண்டாங்க," என்று தேங்காய் எண்ணெய் போட்டு விரல்களைப் பிரித்துவிட்டுச் சொன்னாள் பிரியா. பரிதாபமாகத்தான் சொன்னாள். "ரெண்டு கடிகாரம் இருக்குல்லா. அதுக்கே சாவி... சரி, பேட்டரி போட்டு மாளல."

"நான் போகலேன்னா அவருக்குக் கெடச்சுருமே?"

"கெடச்சா கெடச்சுட்டுப் போவுது. நம்ம அத்தான்தான?"

நம்ம அத்தான் என்பதுதானே பிரச்சினை. ஊரில் வேறு யாருக்குக் கிடைத்திருந்தாலும் தாணு கைதட்டியிருப்பார். சகலைக்குக் கிடைத்தால் அடுத்த தீபாவளிக்கு மாமியார் வீட்டில் அந்தக் கடிகாரம் பற்றித்தான் பேச்சு. வடிவு அதை நேரம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லுவாள்.

வெயிலுக்கு எங்கே போவது? யோசித்ததில் ஆலங்குளம் ஞாபகத்துக்கு வந்தது. தென்காசியில் குடை பிடிக்கிற நாளில்கூட ஆலங்குளத்தில் வெயில் அடிக்கும். சனிக்கிழமை காலை பைக்கின் பின்னால் கம்பைக் கொடிமரம் மாதிரி நட்டுக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். அத்தியூத்தைத் தாண்டியதும் சாரல் நின்றது. ஆலங்குளம் எல்லையில் சுள்ளென்று வெயில். காற்றாலைகள் நிற்கிற வெட்டவெளியில் கம்பை ஊன்றிவிட்டு, ஒரு வாரமாக இல்லாத நிம்மதியோடு டீ குடிக்கப் போனார்.

அங்கே காற்றாலைகளை வைத்திருப்பது காற்று இருப்பதால்தான் என்பது டீயின் இரண்டாவது மடக்கில் அவருக்கு உறைத்தது.

ஆடிக்காற்று செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது, வார்னிஷ் நன்றாகக் காய்ந்திருந்தது. அதற்குள் அந்த வட்டாரத்து மண் மொத்தமும் அதில் வந்து அப்பியிருந்தது. தாணு மெதுவாக விரலை வைத்து ஓட்டினார். துணி தொட்டுப் பழகிய விரல் தவறாமல் கணக்குச் சொன்னது. அறுபது நம்பர். ஆறு நாள் அலைந்து, உப்புத்தாள் தேடின மனுஷன், கடைசியில் ஏழடி நீளத்துக்கு உப்புத்தாளே செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜின் மொட்டைமாடிக் கொட்டகையில் போட்டி. நடுவர் ஷெர்லின் சிஸ்டர், ரிட்டயரான நர்ஸ். தூண்டிலில் பெரிய கெட்டிக்காரி. அவருடைய சோதனை எளிமையானது. கைப்பையிலிருந்து ஒரு உருண்டைப் பஞ்சை எடுத்து, கம்பின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுப்பார். ஒரு இழைகூட மாட்டாமல் வந்தால் நல்ல கம்பு.

தாணுவின் கம்பில் பஞ்சு ஒரு சாண் போனது. அதற்குமேல் பஞ்சு இல்லை. சிஸ்டர் இன்னொரு உருண்டை எடுத்தார். அதுவும் போன இடம் தெரியவில்லை. மூன்றாவது உருண்டையில் கம்பு திருவிழாக் கடைப் பஞ்சுமிட்டாய்போல நின்றது.

"இது என்ன தாணு?"

"புது மாடல் சிஸ்டர். சாரல்ல கை வழுக்குதுல்லா? அதுக்காகக் கிரிப்பு வச்சிருக்கேன்."

"இதப் பிடிச்சவனுக்கு மீன் கெடைக்குதோ இல்லியோ, கைக்கு டிஞ்சர் போடணும்," என்றார் சிஸ்டர். கூட்டம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, "சிஸ்டர், அத ஓரமா வைங்க, மத்தவங்க கம்பு தேய்க்க ஆவும்" என்றார்.

கணேசமூர்த்தியின் கம்பில் பஞ்சு நிற்கவே இல்லை. வைத்ததும் வழுக்கிக்கொண்டு ஓடித் தரையில் விழுந்தது. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வைத்தார். மறுபடியும் விழுந்தது. முதல் பரிசு யாருக்கு என்று தனியாக அறிவிக்க வேண்டியிருக்கவில்லை.

கடிகாரத்தை வாங்கிக்கொண்டு கணேசமூர்த்தி மைக்கைப் பிடித்தார். "பெருசா ரகசியம் ஒண்ணும் இல்ல. தண்ணியும் துணியும்தான். ஒரே ஒருத்தருக்கு மட்டும் நன்றி சொல்லணும். எங்க சகல தாணு இல்லேன்னா இந்தக் கம்பே இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். வெட்டுப்பட்ட இடத்தில் உப்பு வைப்பது என்பது இதுதான் என்று தாணு நினைத்துக்கொண்டார். ஆனாலும் கைதட்டாமல் இருந்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்று, எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

பிரியா முன்பே சொல்லிவைத்திருந்தபடி மதியச் சாப்பாடு தாணு வீட்டில். கணேசமூர்த்தியும் வடிவும் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார்கள். கம்பையும் கடிகாரத்தையும் காரில் விட்டால் யாராவது எடுத்துவிடுவார்களாம். அவையும் வீட்டுக்குள் வந்தன. கணேசமூர்த்தி ஹால் சுவரைப் பார்த்தார்.

"இந்த ஆணி சும்மாதான இருக்கு சகல? சாப்பிட்டு முடியுத வரைக்கும் இங்கன மாட்டிவைக்கேன். தரையில வச்சா யாராவது மிதிச்சிருவாக."

மூன்றாவது ஆணியில் மூன்றாவது கடிகாரம் ஏறியது. அது மட்டும் சரியான நேரம் காட்டியது. தாணு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கண்ணாடி மாதிரி இருக்குன்னு சிஸ்டரே சொல்லிட்டாவ" என்று வடிவு நாலாவது முறையாகச் சொன்னபோது, அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். கொஞ்சம் தனியாக நின்று வயிறெரியலாம் என்று ஆசை.

அங்கேயும் தனிமை இல்லை. சாரல் விட்டிருந்ததால் துணி காயப்போடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. ஸ்டீல் கொடி பாதியில் சிக்கி நிற்க, பேராச்சி அதைத் திட்டிக்கொண்டே கீழே போனாள். போனவள் திரும்பி வரும்போது கையில் ஒரு கம்பு இருந்தது. பிரியாவின் ஈரச்சேலையை அதன் நுனியில் மாட்டி, அலாக்காகத் தூக்கி, உயரத்தில் இருந்த பழைய கயிற்றுக் கொடியின் மேல் போட்டு, கம்பாலேயே சர்ரென்று விரித்துவிட்டாள். நூல் சுற்றிய பிடி. பித்தளை வளையங்கள்.

கணேசமூர்த்தியின் பரிசுக் கம்பு!

உள்ளுக்குள் ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒடிந்தால் ஒடியட்டும் என்றுகூட ஒரு எண்ணம் ஓடியது. ஆனால் ஒடிந்தால் தான் சொல்லித்தான் பேராச்சி ஒடித்தாள் என்று வடிவு ஊர் முழுக்கச் சொல்லுவாளே என்ற பயம் வந்ததும் பாய்ந்து போய் மறித்தார்.

"ஏ பேராச்சி! அதக் கீழ வை! அது என்ன கம்புன்னு ஒனக்குத் தெரியுமா?"

பேராச்சி அடுத்த சேலையைக் கம்பின் நுனியில் மாட்டிக்கொண்டே, அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கா தெரியாது? பன்னெண்டு வருசமா இந்த வீட்டு ஈரச்சேலய எல்லாம் இதாலதான அய்யா கொடியில ஏத்துனேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில நீங்கதான 'இந்தச் சனியன் என் கண்ணுல படக்கூடாது'ன்னு வடகரை அய்யா வண்டியில வச்சுக் கட்டிவிட்டிய!"